ஷுவிஸ்கோ என்பவர், உயிரோடு இருந்தால்

கடிதம் எங்கள் தெருவுக்கு வந்து பதினோரு நாள் கழித்துத்தான் அது எனக்கு வந்த கடிதம் என்று எனக்கே தெரிந்தது. உறையின் மேல், 'ஷுவிஸ்கோ என்பவர், உயிரோடு இருந்தால், மோரோ செக்கோ' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். தபால்காரப் பெண் வீடு வீடாக விசாரித்திருக்கிறாள். என் வீட்டை மட்டும் விட்டுவிட்டாள். ஒடிலோன் தாத்தாவை, அதாவது என்னை, அவளுக்கு நன்றாகத் தெரியும், அந்த மனுஷனுக்குப் பட்டப்பெயர் எல்லாம் இருக்க வாய்ப்பே இல்லை என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். கடைசியில் அதை ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். நான் காலையில் ரொட்டி வாங்கப் போனவன், வரிசையில் நின்றபடி என் பெயரைப் படித்தேன்.

ஷுவிஸ்கோ என்றால் தூறல். இளவயதில் நான் வேகமாகப் பேசுவேன், பேசும்போது எச்சில் தெறிக்கும். எங்கள் கோல்கீப்பர் ஒருநாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வைத்த பெயர் அது. பிறகு சுவரொட்டியில் அதுதான், வானொலியில் அதுதான். என் கல்யாணத்தில் பாதிரியார், "ஒடிலோன் ஃபொன்டோரா, இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா" என்று கேட்டபோது, யாரோ வேறு ஆள் வரப்போகிறான் என்று ஜாண்டிரா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடம் அவள் என்னை ஷுவிஸ்கோ என்றுதான் கூப்பிட்டாள். அவள் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவளோடு அந்தப் பெயரும் போய்விட்டது என்பது எனக்கு உடனே தெரியவில்லை. ஆறேழு மாதம் கழித்துத்தான் உறைத்தது. கோயானியாவில் இருக்கும் என் மகள் போனில் அப்பா என்பாள். தெருவில் ஒடிலோன் ஐயா. ஆஸ்பத்திரியில் பதினேழாம் நம்பர்.

கடிதம் எழுதியது பெய்ஷே பள்ளத்தாக்குக் கால்பந்துச் சம்மேளனம். அதன் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவை முன்னிட்டு, சாம்பியன் பட்டங்களைச் சாந்தப்படுத்தும் ஆணையம் ஒன்றை அமைத்திருக்கிறார்களாம். பட்டங்கள் அவ்வளவு கோபமாக இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

இந்தச் சம்மேளனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபத்தைந்து வருடத்தில் எங்கள் பள்ளத்தாக்குக் கோப்பை அறுபத்தொரு முறை நடந்திருக்கிறது. சாம்பியன்கள் தொண்ணூற்று நான்கு பேர். புல்லில் வென்ற சாம்பியன், கம்பளத்தில் வென்ற சாம்பியன், தார்மீக சாம்பியன், தீர்ப்புக்கு உட்பட்ட சாம்பியன் என்று பல வகை. சம்மேளனத்தின் விசாரணை அறையில் ஒரு பச்சைக் கம்பளம் கிடக்கிறது. மைதானத்தில் தோற்றவர்கள் வக்கீலைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போய் ஜெயித்துக்கொண்டு வருவார்கள். அதைத்தான் கம்பளத்தில் ஜெயிப்பது என்போம். எங்கள் பக்கம் சில ஊர்களில் கம்பளத்துக்குத்தான் பயிற்சியே எடுத்தார்கள்.

கோப்பையின் விதிமுறையை முழுதாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர், அதை எழுதியவர். அவரும் இரண்டாம் வருடத்தோடு கைவிட்டுவிட்டார். நான் ஆடிய 1977ஆம் வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அணிகள். ஆற்றுப் பிரிவு, மலைப் பிரிவு என்று இரண்டாகப் பிரிந்து ஐந்து மாதம் உருண்டு புரண்டோம். ஒன்பதில் எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குத் தேறின. மிஞ்சிய ஓர் அணிக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாதென்று மீட்புச் சுற்று என்று ஒன்றை வைத்தார்கள். அதில் அந்த அணி மட்டும்தான். அது அதிலிருந்தும் வெளியேறியது. எப்படி என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. பிறகு எட்டு ஆறானது, ஆறு நான்கானது, ஒரு மேல்முறையீட்டுக்குப் பிறகு நான்கு ஐந்தானது. சமநிலை வந்தால் கார்னர் உதைகளை எண்ண வேண்டும். அதுவும் சமம் என்றால் எந்த ஊர் முதலில் உண்டானதோ அதற்கு வெற்றி. இத்தனையும் தாண்டி இறுதி ஆட்டத்துக்கு வந்தவை மோரோ செக்கோவின் எஸ்பெரான்சாவும், பெட்ரா லிசாவின் ப்ரோக்ரெசோவும். எஸ்பெரான்சா என்றால் நம்பிக்கை, ப்ரோக்ரெசோ என்றால் முன்னேற்றம். இரண்டும் இப்போது எங்கள் பகுதியில் இல்லை.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் ஒரு கோல் போட்டேன். ஒன்றுக்குப் பூஜ்யம். என் வாழ்க்கையில் யாராவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதாக நான் செய்த காரியம் அந்த ஒன்றுதான். ஆனால் நடுவர் தன் அறிக்கையில், 'கோல் போட்டவர்: ஷுவிஸ்கோ' என்று எழுதிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ஆட்டக்காரனின் சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்கே யோசித்தால்தான் வரும். ப்ரோக்ரெசோவின் வக்கீல் மறுநாளே கம்பளத்தில் போய் நின்றுவிட்டார். எஸ்பெரான்சாவின் பதிவேட்டில் ஷுவிஸ்கோ என்று யாருமே இல்லை. ஒடிலோன் ஃபொன்டோரா என்று ஒருவர் இருக்கிறார், அவர் கோல் எதுவும் போடவில்லை. ஆக, பதிவு செய்யாத யாரோ ஒரு ஆள் மைதானத்துக்குள் புகுந்து கோல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அந்த வழக்கு நாற்பத்தேழு வருடமாக நிலுவையில் இருந்தது. இப்போது ஷுவிஸ்கோ என்பவர், உயிரோடு இருந்தால், நேரில் வந்து, தான்தான் தான் என்று நிரூபிக்க வேண்டும்.

சம்மேளனம் இருப்பது சாந்தா ரொசேலியாவில். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அலுவலகத்தில் கிளெய்டே என்ற பெண் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். சம்மேளனத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் அவள்தான் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

"அடையாள அட்டை கொண்டாந்திருக்கேம்மா" என்றேன்.

"அதுல ஒடிலோன்னுதானே இருக்கு, ஐயா. ஒடிலோன் மேல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. அவர் கோலே போடலயே."

அந்த இறுதி ஆட்டத்தின் பத்திரிகைப் படம் ஒன்றை எடுத்து நீட்டினேன். என்னைத் தோளில் தூக்கிவைத்திருக்கிறார்கள். கீழே ஷுவிஸ்கோ என்று அச்சடித்திருக்கிறது. அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விதிப்படி படத்துல இருக்கற மூஞ்சியும் நேர்ல வர்ற மூஞ்சியும் ஒத்துப்போகணும். இந்த மூஞ்சியைக் கொண்டாந்தீங்கன்னா இன்னைக்கே முத்திரை குத்திடுவேன்."

அவள் கிண்டல் செய்யவில்லை. அப்படித்தான் விதி எழுதியிருக்கிறது, வாசித்தும் காட்டினாள். இன்னொரு வழியும் இருந்தது. அந்தக் காலத்தில் என்னோடு பழகிய மூன்று பேர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், விசாரணை அறையில் என்னைக் கண்டதும் தாமாகவே ஷுவிஸ்கோ என்று கூப்பிட வேண்டும்.

மூன்று பேர்தானே என்று கிளம்பினேன். எங்கள் பதினோரு பேரில் எட்டுப் பேர் போய்விட்டார்கள். பயிற்சியாளர், பந்து தைத்தவர், சட்டை துவைத்தவர் எல்லோருமே கல்லறையில்தான் கிடைத்தார்கள். எனக்குப் பெயர் வைத்த கோல்கீப்பர் இருந்தான். அவன் மகள் என்னை உள்ளே அழைத்துப்போய் எதிரில் உட்கார வைத்தாள். அவன் வெகுநேரம் என்னையே பார்த்தான். பிறகு, "நீங்க எந்த பேங்க்லேந்து வர்றீங்க" என்று கேட்டான். நான் ஏதோ ஒரு பேங்கின் பெயரைச் சொன்னேன். அவன் நிம்மதியாகத் தலையாட்டினான். இன்னொருவன் இடது விங்கில் ஆடியவன், இப்போது சபையில் போதகன். கட்டித் தழுவினான், ஜெபித்தான், அழுதான்.

"பேரை மட்டும் சொல்லச் சொல்லாதீங்க, ஒடிலோன் சகோதரரே. ஞானஸ்நானம் வாங்கினதோட பட்டப்பேரெல்லாம் விட்டாச்சு. அது பழைய மனுஷனோட பேரு."

"நான் அந்தப் பழைய மனுஷன்தாண்டா" என்றேன்.

"அதான் கஷ்டமா இருக்கு" என்றான்.

ஆக, மூன்று சாட்சிக்குப் பதில் பூஜ்யம் சாட்சியோடு மார்ச் மாத மூன்றாவது வியாழக்கிழமை விசாரணைக்குப் போனேன். பஸ்ஸில் வரும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பட்டம் எனக்குப் பெரிதில்லை. என்னை அந்தப் பெயரால் கூப்பிட உலகத்தில் ஒரு ஆள்கூட மிச்சமில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அறையில் பச்சைக் கம்பளம் நடுவில் தேய்ந்து தரை தெரிந்தது. மேசைக்குப் பின்னால் தலைவர் டாக்டர் அமில்கார் பெசன்யா. எங்கள் நாட்டில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், மருந்து மட்டும் தரமாட்டார். அவர் முன்னால் ஒரு பித்தளை மணி. அவர் அப்பாவும் அதே நாற்காலியில் தலைவராக இருந்தவர். என் வழக்கை முதலில் ஒத்திவைத்த கை அந்த அப்பாவுடையது.

மணி அடித்தார். என் சாட்சிகளைக் கேட்டார். இல்லை என்றேன். குறித்துக்கொள்ளச் சொன்னார். எதிர்த்தரப்புச் சாட்சி என்று கிளெய்டே வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

உள்ளே வந்தவன் உயரமான ஆள், முதுகு மட்டும் வளைந்திருந்தது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்தான். அப்படியே நின்றான். பிறகு விரலை நீட்டிக்கொண்டு கம்பளத்தின் மேல் வேகமாக வந்தான்.

"டேய் ஷுவிஸ்கோ. எச்சித் தூறல். அது ஆஃப்சைடுடா. ரெண்டு கஜம் ஆஃப்சைடு. நாப்பத்தேழு வருஷமா எனக்குச் சோறு இறங்கலடா."

ப்ரோக்ரெசோவின் தடுப்பாட்டக்காரன் எவரிஸ்டோ. அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, போர்த்தெய்ரா என்றால்தான் தெரியும். மாட்டுப் பண்ணையின் பெரிய மரக்கதவுக்கு அந்தப் பெயர். அவனைத் தாண்டி எதுவும் போகாது. நான் ஒருமுறை போனேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. எழுபத்தொரு வயதில், ஒரு பித்தளை மணிக்கு முன்னால், ஒருவன் திட்டியதற்காக நின்று அழுதேன்.

டாக்டர் அமில்கார் மணியை இரண்டு முறை அடித்தார். "சாட்சி, மனுதாரரைக் குறித்த பெயரால் தன்னிச்சையாக விளித்ததைப் பதிவு செய்கிறோம். ஆக ஒரு சாட்சி. எதிர்த்தரப்பு என்பதால் ஒன்றரையாகக் கொள்ளலாமா என்பதைத் துணைக்குழு ஆராயும். அதே சமயம், இன்றுவரை யாரும் எழுப்பாத ஆஃப்சைடு, அதாவது பந்து உதைபடும் முன்பே மனுதாரர் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றாரா என்ற புதிய கேள்வி பிறந்திருக்கிறது. சம்மேளனம் அதை இரு கரம் நீட்டி வரவேற்கிறது." இப்படித்தான் பெயர் வழக்கு ஆஃப்சைடு வழக்காக வளர்ந்தது. சம்மேளனத்தில் எந்த வழக்கும் மெலிவதில்லை.

வெளியே வந்தால் பஸ் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. என் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. போர்த்தெய்ரா நிலையத்து உணவுக் கடையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் ஊர் எதிர்த்திசையில் இரண்டு மணி நேரம். நான் நாலு முக்காலி தள்ளி உட்கார்ந்தேன். இருவரும் காப்பியும் சீஸ் உருண்டையும் சொன்னோம். கொஞ்ச நேரம் மென்றோம்.

"ஏண்டா அழுத?" என்றான், என்னைப் பார்க்காமல்.

"தூசி."

"கம்பளத்துலயா? இருக்கும். எழுபத்தஞ்சு வருஷத் தூசி."

இன்னும் ஒரு உருண்டை தின்றான்.

"வீட்ல யாரு?" என்றேன்.

"பொண்டாட்டி போயி ஒம்பது வருஷம். மக வீட்டுப் பின்பக்க ரூம்ல இருக்கேன். ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க. டிவியக்கூட என் ரூம்லயே வெச்சிட்டாங்க. நான் ஹாலுக்கே வர வேண்டியதில்ல."

நான் காப்பியில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். பிறகு கேட்டேன். "உன்ன இன்னும் யாராவது போர்த்தெய்ரான்னு கூப்பிடறாங்களா?"

யோசித்தான். "நீ இப்பக் கூப்பிட்டியே" என்றான். ஒரு முக்காலி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "இருந்தாலும் அது ஆஃப்சைடுதான்."

"உன் கண்ணு கோளாறுடா."

"ரெண்டு கஜம்டா."

"போடா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது ஆஃப்சைடா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்த்தேன். கோட்டை யார் பார்த்தது?

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் மூன்றாவது வியாழக்கிழமை எங்களுக்கு விசாரணை. ஏப்ரலில் டாக்டர் அமில்காருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மணி மட்டும் அடித்து ஒத்திவைத்தார். மே மாதம் ஆஃப்சைடு என்பதற்கு 1977இல் என்ன பொருள் என்று மூன்று மணி நேரம் வாசித்தார்கள். ஜூனில், வாசித்தது 1967ஆம் வருட விதி என்று தெரிந்தது. நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தோம். அவன் என் இரத்த அழுத்த மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொண்டான். அவனுக்கு வெங்காயம் ஆகாது என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை காலையிலேயே நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவேன்.

ஆகஸ்டில் சம்பவ இடத்தை நேரில் பார்வையிட ஆணையம் தீர்மானித்தது. இறுதி ஆட்டம் நடந்த சாந்தா ரொசேலியா நகராட்சி மைதானம் இப்போது சூப்பர் மார்க்கெட். அதனால் என்ன, புல் மாறலாம், அளவு மாறாது என்றார் டாக்டர் அமில்கார். மணியைக் கிளெய்டே கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அளந்து பார்த்ததில் கோல் கம்பம் இருந்த இடம் கோழி வைத்திருக்கும் குளிர்பெட்டிக்கு வந்தது. பெனால்டி எல்லை பீன்ஸ் மூட்டைகளுக்கு நடுவே போனது. போர்த்தெய்ராவைப் பீன்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், என்னைக் காப்பித்தூள் அடுக்குக்கு எதிரில். எனக்குப் பந்து தந்த போதகன் இடத்தில் ஒரு தள்ளுவண்டியை நிறுத்தினார்கள். ஒரு பெண் என் பின்னால் வந்து, "பில் போடற வரிசை இதுதானா" என்று கேட்டாள். இல்லையம்மா, இது இறுதி ஆட்டம் என்றேன். அவள் வேறு வரிசைக்குப் போனாள்.

தலைவர், சலுகை விலை அறிவிக்கிற ஒலிபெருக்கியை வாங்கிப் பேசினார்.

"அன்பர்களே, கால்பந்து ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அது அந்த ஆட்டத்தின் பெரிய குறை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யத்தான் சம்மேளனம் இருக்கிறது. பந்து உருண்டையானது, எந்தப் பக்கமும் போகும். அப்படிப்பட்ட ஒன்றை நம்பி ஒரு சாம்பியனை முடிவு செய்வது பொறுப்பான காரியமா? என் தந்தையார் முப்பது வருடம் இந்தப் பதவியில் இருந்தார், ஒரு தீர்ப்பைக்கூட அவசரப்பட்டுக் கொடுத்ததில்லை. நான் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், அவரை மிஞ்ச முயல்கிறேன். கால்பந்து மக்களுக்குச் சொந்தம். விதிமுறை எங்களுக்குச் சொந்தம். மக்கள் தங்கள் பங்கை வைத்துக்கொள்ளட்டும்."

துப்புரவுப் பிரிவில் இருந்து இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"அன்னைக்கு நான் இவன் சட்டையப் பிடிச்சிருந்தேன், டாக்டர்" என்றான் போர்த்தெய்ரா. "எப்படின்னு காட்டறேன்." பின்னாலிருந்து என் சட்டையின் இடுப்புப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தான். அவர்கள் அளந்தார்கள், குறித்தார்கள், அலமாரி போன மாதம் ஒரு அடி நகர்ந்தது என்று கடை மேலாளர் சொன்னதும் எல்லாவற்றையும் அழித்தார்கள். கோட்டு நடுவர் நின்ற இடம் இறைச்சி வெட்டுகிற அறைக்குள் போவதால், சுகாதாரத் துறையின் அனுமதி வந்த பிறகு தொடரலாம் என்று ஒத்திவைத்தார்கள். போர்த்தெய்ரா இன்னும் என் சட்டையை விடவில்லை. மறந்துவிட்டான் போல. நானும் சொல்லவில்லை. பஸ் நிலையத்து நடைபாதை வரை அப்படியே வந்தோம்.

அக்டோபரில் எல்லாம் முடிந்துவிட்டது. விழாவுக்கு மாநிலத் தலைநகரிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறாராம், அவர் வரும்போது ஒரு வழக்கும் நிலுவையில் இருக்கக் கூடாதாம். நாற்பத்தேழு வருடம் முடியாதது ஒரு மத்தியானத்தில் முடிந்தது. இறுதி ஆட்டம் ஆடிய எல்லா அணிகளும், எல்லா வருடங்களுக்கும், சாம்பியன்களே என்று அறிவித்துவிட்டார்கள். மீட்புச் சுற்றில் தனியாக ஆடித் தோற்ற அணிகூட அந்தச் சுற்றின் சாம்பியன் ஆனது. விழாவில் எனக்கும் போர்த்தெய்ராவுக்கும் ஆளுக்கொரு பலகை தந்தார்கள். என் பலகையில் 'ஒடிலோன் ஃபொன்டோரா (ஷுவிஸ்கோ)' என்று பொறித்திருந்தது. நான் நான்தான் என்பதைச் சம்மேளனம் ஒப்புக்கொண்டுவிட்டது. கை குலுக்கியபோது டாக்டர் அமில்கார் சொன்னார்: "இனிமே உங்களுக்கு இந்த அலைச்சல் எல்லாம் இல்ல, ஐயா. நிம்மதியா வீட்ல இருங்க."

பஸ் நிலையத்தில் காப்பி குடித்தோம். சீஸ் உருண்டை இறங்கவில்லை.

"ஆக, ரெண்டு பேரும் சாம்பியன்" என்றான்.

"ஆமா."

"அப்ப அடுத்த மாசம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

அவன் பஸ் முதலில் வந்தது. படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்லப் போனான். பின்னால் ஏற வேண்டியவர்கள் அவனை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

மகளுக்குப் பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. பலகையை ஜாண்டிராவின் படத்துக்குக் கீழே மாட்டினேன். நவம்பரில் மூன்றாவது வியாழக்கிழமை வந்தது. முதல்நாளே பழக்க தோஷத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மணி பன்னிரண்டானது, இரண்டானது. போர்த்தெய்ராவின் எண் வழக்குக் காகிதத்தில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? வழக்கு இருந்தால் திட்டலாம். வழக்கில்லாத ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்குப் போன் போட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்வது என் வயதுக்காரர்களுக்கு வராது. அதிலும் பெட்ரா லிசாக்காரனிடம். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் ரொட்டிக் கடையில், "அஞ்சு ரொட்டி" என்றபோது என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய மிக நீளமான காகிதம் அதுதான். திங்கட்கிழமை பஸ் பிடித்து நேரே கிளெய்டேயின் மேசைக்குப் போனேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒருமுறை நிறுத்தி என்னைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஐயா, உங்க பட்டத்துக்கு எதிரா நீங்களே மேல்முறையீடு பண்றீங்க."

"ஆமாம்மா."

"அது ஆஃப்சைடுதான், நாப்பத்தேழு வருஷமா மறைச்சிட்டேன், மனசாட்சி உறுத்துதுன்னு எழுதியிருக்கீங்க."

"ரெண்டு கஜம்" என்றேன். "அதையும் எழுதியிருக்கேன்."

கிளெய்டே என் தாளை மேசைமேல் நேராக வைத்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து, என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரிய பெரிய எழுத்து. அடியில் எவரிஸ்டோ என்ற கையெழுத்து, அடைப்புக்குறிக்குள் போர்த்தெய்ரா.

"வெள்ளிக்கிழமை வந்தது" என்றாள். "அது ஆஃப்சைடே இல்லையாம். தோத்த வயித்தெரிச்சல்ல நாப்பத்தேழு வருஷமா பொய் சொல்லிட்டாராம். தன்னோட பட்டத்தை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கறார்."

நான் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிளெய்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பிறகு முத்திரையை எடுத்து என் தாளில் ஒன்று, அவன் தாளில் ஒன்று என்று ஓங்கிக் குத்தினாள்.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு" என்றாள், அலுவலகக் குரலில். "விசாரணை வைக்காம தீராது. மூணாவது வியாழக்கிழமை."

டிசம்பர் மூன்றாவது வியாழக்கிழமை, நான் கம்பளத்தில் கால் வைக்கும் முன்பே அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைக் கண்டதும் எழுந்து விரலை நீட்டினான்.

"டேய் ஷுவிஸ்கோ. பொய்க்காரப் பயலே. நீ ஆஃப்சைடே இல்லடா."

"ஆஃப்சைடுதாண்டா. என் காலு, எனக்குத் தெரியாதா?"

"உன் கண்ணு முன்னாடியே நான் நின்னேன்டா. எனக்குப் பின்னாடி இன்னொருத்தன் நின்னான்."

"யாரும் நிக்கல."

"நின்னான்டா, எச்சித் தூறல்."

டாக்டர் அமில்கார் மணியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். எங்களுக்குக் கேட்கவில்லை. கடைசியில் கிளெய்டே வந்து எங்கள் இருவரையும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தலைவர் இரண்டு மனுக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சம்மேளன வரலாற்றில் இப்படி ஒன்று வந்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது மிகவும் சிக்கலான வழக்கு" என்றார். "விழா முடிந்துவிட்டது, இனி நெருக்கடி ஒன்றும் இல்லை. ஆயினும் இருவருக்கும் வயதாகிவிட்டது. சம்மேளனம் மனிதாபிமானம் உள்ள அமைப்பு. நீங்கள் விரும்பினால், விதிவிலக்காக, இதை இன்றே முடித்து உங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியும்."

நானும் போர்த்தெய்ராவும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.

"வேண்டாம் டாக்டர்" என்றோம். "அவசரமே இல்ல."